அளவு பிசகாத பள்ளம்

பாயிண்டு என்ற பெயரை அவருக்குப் பெற்றோர் வைக்கவில்லை, கதவுத் தொழிற்சாலை வைத்தது. வாயைத் திறந்தால் "பாயிண்ட் மூணு கூடுது", "பாயிண்ட் அஞ்சு குறையுது" என்றுதான் வரும். சொந்தப் பெயர் அடையாள அட்டையில் பத்திரமாக இருந்தது. அதை வாசலில் நிற்கும் காவலாளிகூடப் படித்ததில்லை.

தொழிற்சாலையில் அவர் பொறுப்பில் இருந்தது கணினி சொன்னபடி மரம் குடையும் சி.என்.சி. இயந்திரம். இரட்டைக் கட்டில் அகலத்துக்கு ஒரு மேசை. அதில் பலகையைப் படுக்க வைத்தால் அடியிலிருந்து காற்றை உறிஞ்சி அசையவிடாமல் பிடித்துக்கொள்ளும். மேலிருந்து பிட் என்கிற சுழலும் வெட்டுமுனை இறங்கி, திரையில் இருக்கிற பூவையும் கொடியையும் பலகையில் அப்படியே எடுத்துவிடும். கூடவும் செய்யாது, குறையவும் செய்யாது, சொந்தக் கருத்து என்பது அதற்கு அறவே கிடையாது. பாயிண்டுக்கு அந்த இயந்திரத்தைப் பிடித்துப்போனதில் ஆச்சரியம் இல்லை. இனம் இனத்தோடு சேரும்.

வீட்டிலும் அவர் இப்படித்தான். ரொட்டித் துண்டு ஒன்று இன்னொன்றைவிடத் தடிமனாக இருந்தால் சாப்பாடு இறங்காது. முடிவெட்டுகிறவர் இவர் வருவதைப் பார்த்தால் டீ குடிக்கக் கிளம்பிவிடுவார், கிருதாவுக்கு வெர்னியர் அளவுகோல் வைத்துப் பார்க்கும் வாடிக்கையாளரை யார் தாங்குவது? பேருந்திலோ உறவினர் வீட்டிலோ எங்கே உட்கார்ந்தாலும் இருக்கையின் நட்டநடுவில்தான் உட்காருவார். ஒரு மனிதன் நடுவில் உட்காருவதால் யாருக்கு என்ன கெடுதல் வந்துவிடும் என்று கேட்பீர்கள். கேளுங்கள், சொல்கிறேன்.

பாயிண்டின் மாமனார் ஒரு காலத்தில் பெரிய ஹோட்டல் ஒன்றின் நடனக்கூடத்தில் கிட்டார் வாசித்தவர். மனைவி போன பிறகு மகள் வீட்டோடு வந்துவிட்டார். கொண்டுவந்தது ஒரு பெட்டியும் ஒரு கிட்டாரும். அது சாதாரணக் கிட்டார் இல்லை, ஆர்ச்டாப். மற்ற கிட்டார்களுக்கு முகம் தட்டையாக இருக்கும். இதற்கு நன்றாகச் சாப்பிட்டுவிட்டுச் சாய்ந்திருப்பவர் வயிறு மாதிரி மேல்பலகை மெல்ல எழும்பி, ஓரத்தில் இறங்கி இருக்கும். நடுவில் வட்டத் துளைக்குப் பதில் பக்கத்துக்கு ஒன்றாக வயலினுக்கு இருப்பதுபோல வளைந்த துளைகள். மாமனார் அதைத் தினமும் துடைப்பார், வாரத்துக்கு ஒரு முறை மெருகு போடுவார். மகளிடம்கூட அத்தனை முறை நலம் விசாரித்ததில்லை.

ஒருநாள் மெருகு போட்டுக் காயவைத்து, தூசி படாமல் இருக்க ஒரு போர்வையைப் போர்த்தி, சோபாவில் படுக்க வைத்துவிட்டுக் குளிக்கப் போனார். பாயிண்டு வேலை முடிந்து வந்தார். சோபாவின் மேல் போர்வை சுருக்கமில்லாமல் விரித்திருந்ததைப் பார்த்து, பரவாயில்லையே, இந்த வீட்டுக்கும் ஒழுங்கு வந்துவிட்டதே என்று மகிழ்ந்து, நட்டநடுவில் உட்கார்ந்தார்.

காய்ந்த மட்டையை முறித்த மாதிரி ஒரு சத்தம். அதோடு ஆறு கம்பியும் சேர்ந்து முனகின. மாமனார் துண்டோடு ஓடிவந்தார். இந்த இடத்தில் வேறு யாராக இருந்தாலும் காலில் விழுந்திருப்பார்கள். பாயிண்டு என்ன செய்தார்? எழுந்தார், போர்வையை விலக்கினார், உடைந்த ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தார்.

"மேல்பலகை ரொம்ப மெல்லிசு, மாமா. நாலு மில்லிகூட இருக்காது," என்றார்.

உட்கார்ந்ததை மாமனார் மன்னித்திருப்பார் என்பது என் கட்சி. இந்தப் பேச்சைத்தான் மன்னிக்கவில்லை. அன்றோடு மருமகனிடம் பேசுவதை நிறுத்தினார். மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்பார்கள். மருமகன் உடைத்தால் என்ன குடம் என்று பெரியவர்கள் சொல்லிவைக்காமல் போனதால், அந்த வீட்டில் வருடக்கணக்காகப் பேச்சு நின்றுபோனது.

நின்றது என்றால் முழுக்க நிற்கவில்லை. சுற்றி வந்தது. பாயிண்டின் மனைவி வழியாக வந்தது.

அவள் பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளர். காலையிலிருந்து மாலைவரை கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து, எந்த வண்டி எந்த நடைமேடையில் என்று ஊருக்கே சொல்வாள். அந்தக் குரலைக் கேட்டு நின்றுதான் பாயிண்டு வாலிபத்தில் தன் வண்டியைத் தவறவிட்டார், ஒரு முறை இல்லை, பல முறை. அப்படித் தவறவிட்டே கல்யாணம் செய்துகொண்டார். அவர் வாழ்க்கையில் அளந்து பார்க்காமல் செய்த ஒரே காரியம் அதுதான்.

இப்போது அந்தக் குரலுக்கு வீட்டிலும் அதே வேலை. ஒரே அறையில், கை எட்டும் தூரத்தில் இருவரும் உட்கார்ந்திருப்பார்கள்.

"உன் புருஷன்கிட்ட ஃபேனைக் கொறைக்கச் சொல்லும்மா," என்பார் மாமனார்.

அவள் சமையலறையிலிருந்து வந்து, "அப்பா ஃபேனைக் கொறைக்கச் சொல்றாரு," என்பாள்.

"எவ்வளவுன்னு கேளு. ரெண்டுலயா, மூணுலயா?"

"எவ்வளவுன்னு கேக்குறாருப்பா."

"காத்து வந்தாப் போதும்னு சொல்லு."

"காத்து வந்தாப் போதுமாம்."

"அது ஒரு அளவா?" என்பார் பாயிண்டு.

இப்படியே நடந்து நடந்து, பேசிப் பேசி, ஒருநாள் அவளுக்குக் குரல் கட்டிக்கொண்டது. தொண்டை டாக்டர் உள்ளே விளக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, குரல் நாணில் காய்ப்பு விழுந்திருக்கிறது, ஒரு மாதம் ஒரு வார்த்தை பேசக்கூடாது, பேசினால் குரலே போய்விடும் என்றார். நாளையிலிருந்து ஆரம்பிக்கலாமா என்று அவள் கேட்டாள். இன்றைக்கு ஒரு வேலை பாக்கி இருந்தது.

வீட்டுக்கு வந்தாள். கூடத்தின் நடுவில் நின்றாள். அந்தக் கட்டிய குரலிலும் அறிவிப்பின் ராகம் போகவில்லை.

"பயணிகளின் கனிவான கவனத்திற்கு. நாளைலேர்ந்து ஒரு மாசம் நான் பேச மாட்டேன். அதுக்குள்ள நீங்க ரெண்டு பேரும் ஒருத்தர்கிட்ட ஒருத்தர் நேராப் பேசியிருக்கணும். இல்லன்னா நான் அக்கா வீட்டுக்குப் போயிடுவேன். திரும்பி வர மாட்டேன்."

மாமனார் தொண்டையைச் செருமினார்.

"இதுக்கெல்லாம் யாரு காரணம்னு உன் புருஷன்கிட்ட கேளும்மா."

"நான் எப்பவும் பேசத் தயார்தான்னு மாமாகிட்ட சொல்லு," என்றார் பாயிண்டு.

அவள் இரண்டையும் சொல்லவில்லை. உள்ளே போய்ப் பரணிலிருந்து தன் பெட்டியை இறக்கி, தூசி தட்டி, எல்லார் கண்ணிலும் படும்படி கூடத்து மூலையில் வைத்தாள்.

பாயிண்டு அந்தப் பெட்டியைக் கண்ணாலேயே அளந்தார். அவள் வெறும் மிரட்டலுக்காக எதையும் சொல்கிறவள் இல்லை. நான்காம் நடைமேடை என்றால் வண்டி நான்காம் நடைமேடையில்தான் நிற்கும். அவள் இல்லாத வீட்டில் மாமனாரும் தானும் மட்டும் எதிரெதிரே உட்கார்ந்திருப்பதை நினைத்துப் பார்த்தார். அந்தக் காட்சியின் கொடுமையைவிட அவள் இல்லாத கொடுமைதான் அவரை வாட்டியது. இதை அவர் வாய்விட்டு யாரிடமும் சொல்லவில்லை, நான் சொல்லிவிடுகிறேன்.

மாமனார் முன்னால் போய் நின்று "தப்பு என்மேலதான் மாமா, மன்னிச்சிடுங்க" என்றிருந்தால் விஷயம் அன்றைக்கே முடிந்திருக்கும். ஆனால் மன்னிப்புக்கு மில்லிமீட்டர் கிடையாது. அளவில்லாத வேலையைப் பாயிண்டு கையில் எடுப்பதில்லை. உடைத்த கிட்டாரைப் போலவே இன்னொன்று செய்து கொடுத்துவிடுவது என்று முடிவு செய்தார்.

உடைந்த கிட்டார் மாமனார் கட்டிலுக்கடியில் அதன் பெட்டியிலேயே கிடந்தது. அதைத் திறந்து பார்க்கும் தெம்பு எனக்கில்லை என்று மாமனார் சொல்லியிருந்ததால், திறக்க மாட்டார். பாயிண்டு அதை எடுத்துக்கொண்டு, அதே எடைக்குக் கதவுத் துண்டுகளைப் பெட்டியில் அடுக்கி வைத்தார். தொழிற்சாலை முதலாளியம்மாவிடம் விஷயத்தைச் சொல்லி, வேலை நேரம் முடிந்தபின் இயந்திரத்தை ஓட்ட அனுமதி கேட்டார்.

"கிட்டாரா? நமக்குக் கதவுதானே வரும்?"

"இதுவும் மரம்தான் மேடம். கீல்தான் கிடையாது."

முதலாளியம்மா அதிலும் ஒரு வியாபாரம் பார்த்தார். கிட்டார் நன்றாக வந்தால் அதே வயிற்றை ஒரு வாசல் கதவிலும் எடுத்து ஷோரூமில் வைக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

மேல்பலகைக்கு ஸ்ப்ரூஸ், முதுகுக்கும் பக்கத்துக்கும் மேப்பிள் என்று மரங்கள் வந்தன. கழுத்துப் பகுதி பழையதே உயிரோடு இருந்தது. இனி வேண்டியது அந்த வயிற்றின் வளைவு. அதற்கும் வழி இருந்தது. இயந்திரத்தில் பிட்டைக் கழற்றிவிட்டு ஒரு ஊசியை மாட்டினால், அது பொருளைக் கோழி கொத்துவதுபோலத் தொட்டுத் தொட்டு, மேடு எங்கே, பள்ளம் எங்கே என்று கணினிக்குச் சொல்லும். பழைய கதவுக்கு ஜோடி செய்யும்போது அப்படித்தான் நகல் எடுப்பார்கள். பாயிண்டு உடைந்த சில்லுகளைப் பொறுக்கி, சில்லுக்குச் சில்லு பொருத்தி, பசை போட்டு ஒட்டி, முழு முகமாக்கி ஊசியின் கீழே வைத்தார்.

திரையில் வயிறு வந்தது. அழகான வயிறுதான். ஆனால் அதன் நடுவே, கம்பி தாங்கும் இடத்துக்குக் கீழே, பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு பள்ளங்கள். நடுவில் மெல்லிய ஒரு வரப்பு.

இது பழுதா, வடிவமா? பாயிண்டு யோசித்தார். கதவுத் தொழிலில் இதற்கு ஒரு விதி உண்டு. ஒரு பக்கம் மட்டும் பள்ளம் இருந்தால் பழுது, இரண்டு பக்கமும் ஒரே அளவில் இருந்தால் டிசைன். அளந்து பார்த்தார். இடது பள்ளத்துக்கும் வலது பள்ளத்துக்கும் பாயிண்ட் ஒன்றுகூட வித்தியாசம் இல்லை. உடைந்ததால் விழுந்த பள்ளம் இவ்வளவு ஒழுங்காக இருக்குமா? எந்த மேதை செய்தானோ என்று கையெடுத்துக் கும்பிடாத குறை. நட்டநடுவில் உட்கார்ந்த அந்த மேதை யார் என்பது அவர் புத்தியில் உறைக்கவே இல்லை. இணையத்தில் படங்களைத் தேடிப் பார்த்தார். எல்லாக் கிட்டாரும் நேராக முகத்தைக் காட்டிக்கொண்டு நின்றன. நேராகப் பார்த்தால் பள்ளம் தெரியாது என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார்.

இருந்தாலும் ஒரு சின்ன உறுத்தல். தெரிந்தவர் வீட்டிலேயே இருக்கிறார், கேட்டுவிடலாம். வீட்டுக்கு வந்ததும் மனைவியைக் கூப்பிட்டார்.

"ரெண்டு பக்கமும் பள்ளம் வேணுமா, வேணாமான்னு மாமாகிட்ட கேட்டு வா. கிட்டார்னு மட்டும் காட்டிக்காத. தெரிஞ்சா ரசம் போயிடும்."

பேச முடியாதவளிடம், பொருளைச் சொல்லாமல் ஒரு கேள்வி கேட்கச் சொன்னால் அவள்தான் என்ன செய்வாள்? அப்பா முன்னால் போய் நின்றாள். இரண்டு கையையும் கிண்ணம்போலக் குவித்து, பக்கத்தில் பக்கத்தில் வைத்து, கீழே அழுத்திக் காட்டி, வேணுமா என்று புருவத்தை உயர்த்தினாள். மாமனாருக்கு நீண்டநாளாக மூல உபாதை. மகள் அதற்கென்று விற்கும் பள்ளம் வைத்த மெத்தையைத்தான் வாங்கித் தரப்போகிறாள் என்று எண்ணி அவர் நெகிழ்ந்துபோனார்.

"கண்டிப்பா வேணும்மா. நல்லா ஆழமாவே இருக்கட்டும். அப்பதான் சுகம்."

அவள் திரும்பிப் போய்த் தலையை ஆட்டினாள். கைகளை இன்னும் கீழே அழுத்திக் காட்டினாள்.

"ஆழமாவா?" என்றார் பாயிண்டு. "நினைச்சேன். ஒட்டும்போது கொஞ்சம் மேல வந்திருக்கும்." மறுநாள் தொழிற்சாலைத் திரையில் பள்ளத்தை ஒன்று பாயிண்ட் ஐந்து மில்லி கூட்டினார்.

பிறகு வேலை ஓடியது. உருண்டை மூக்கு பிட் ஸ்ப்ரூஸின்மேல் வரி வரியாக நகர்ந்து, முதலில் படிப்படியாக வெட்டி, அடுத்த சுற்றில் படிகளை வழித்து, வயிற்றை வெளியே கொண்டுவந்தது. பலகையைத் திருப்பிப் போட்டு உள்பக்கமும் குடைந்தார். நடுவில் ஆறு மில்லி, ஓரத்தில் மூன்றரை. பக்கப் பட்டைகளைச் சூடான குழாயில் வளைத்தபோது முதல் ஜோடி முறிந்தது, இரண்டாவது ஜோடி சொன்ன பேச்சு கேட்டது. ஒட்டினார், கவ்விகளைப் போட்டு இறுக்கினார், தேய்த்தார், மெருகு போட்டார். அந்த இரண்டு பள்ளத்தில் மட்டும் மெருகு தனி மினுக்கத்தோடு நின்றது. முதலாளியம்மா பார்த்துவிட்டு, கதவுக்கு இது ரொம்பப் பொருந்தும், ஆனால் ஏனோ எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கிறது என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அதைக் கொண்டுபோய் மாமனார் மடியில் வைத்தார்.

கழுத்தைப் பார்த்ததும் மாமனாருக்கு அது தன்னுடையது என்று தெரிந்துவிட்டது. கண்ணில் நீர் கட்டியது. உள்ளங்கையால் வயிற்றை மேலிருந்து கீழே தடவிக்கொண்டு வந்தார். கை பள்ளத்தில் இறங்கியது. வரப்பில் ஏறியது. மறுபடியும் இறங்கியது. கிட்டாரை ஜன்னல் வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பார்த்தார். மருமகனைப் பார்த்தார். மறுபடி கிட்டாரைப் பார்த்தார்.

"திரும்பு," என்றார்.

பாயிண்டுக்குக் காது அடைத்தது. நேராக! யார் வழியாகவும் இல்லாமல், நேராகத் தன்னிடம்! எதற்குத் திரும்பச் சொல்கிறார் என்றுகூட யோசிக்காமல் சந்தோஷத்தோடு திரும்பி நின்றார்.

"அந்தச் சோபாவுல உக்காரு."

உட்கார்ந்தார், நட்டநடுவில்.

"எந்திரி."

எழுந்தார். மாமனார் குனிந்து, சோபா மெத்தையில் விழுந்திருந்த குழியின் பக்கத்தில் கிட்டாரை வைத்தார். அளந்து பார்க்க வேண்டிய தேவையே இல்லை. அண்ணனும் தம்பியும் போல இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன.

"ஏன்யா, உனக்கு அறிவுன்னு ஒண்ணு இருக்கா? உடைச்சது பத்தாதுன்னு, உக்காந்த இடத்தை அச்சு எடுத்து, மெருகு போட்டுக் கொண்டாந்து என் மடியில வக்கிறியே! இதை நான் எங்கய்யா கொண்டுபோய் வாசிப்பேன்? கேக்குறவனுக்கு உன் பின்பக்கத்தை நான் என்னன்னு அறிமுகம் செய்வேன்?"

"ரெண்டு பக்கமும் சமமா இருந்துச்சு மாமா..."

"சமமாத்தான்யா இருக்கும்! கடவுள் அதை மட்டும்தான் உனக்குச் சரியா வச்சிருக்கான்!"

"ஆழமா வேணும்னு நீங்கதானே சொன்னீங்க?"

"நான் மெத்தையைச் சொன்னேன்யா!"

பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதையாக வந்து நின்றது. மனைவி சமையலறை வாசலில் கரண்டியோடு நின்று, சத்தம் வராமல் வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தாள். வருடக்கணக்கில் தேக்கி வைத்திருந்ததையெல்லாம் மாமனார் அன்று கொட்டித் தீர்த்தார். ஃபேனில் ஆரம்பித்து, ரொட்டித் துண்டு வழியாக, பெண் கேட்டு வந்த அன்று பாயிண்டு வாசல் நிலைப்படியை அளந்து பார்த்ததுவரை போனார். பாயிண்டு ஒரு வசவையும் கீழே விழவிடாமல் வாங்கிக்கொண்டார். அவருக்கு அது பாட்டாகக் கேட்டது.

கோபம் அடங்கியபின் மாமனார் கம்பியை மீட்டிப் பார்த்தார். ஜலதோஷம் பிடித்தவர் போனில் பேசுவது மாதிரி இருந்தது. முகத்தைச் சுளித்தார்.

"மூக்கால பாடுது. மேல்பலகையை மாத்தணும். நானும் வரேன். நீ தனியாப் போனா இந்தத் தடவை எதை அச்சு எடுத்துட்டு வருவியோ."

மறுநாள் வேலை முடியும் நேரத்துக்கு மாமனார் தொழிற்சாலைக்கு வந்துவிட்டார். அதற்கு அடுத்த நாளும் வந்தார். அங்கே நடந்ததை வேலை என்று சொல்வதைவிடச் சண்டை என்று சொல்வதுதான் பொருந்தும். மாமனார் குடைந்த பலகையை விரல்முட்டியால் தட்டிக் காதில் வைத்து, இன்னும் எடுக்கணும் என்பார். எவ்வளவு என்பார் பாயிண்டு. சத்தம் திறக்கிற வரைக்கும் என்பார் மாமனார். அதை எந்தக் கட்டத்தில் டைப் அடிப்பது என்று பாயிண்டு திரையைக் காட்டுவார். ஒருவர் காதை நம்பினார், மற்றவர் எண்ணை நம்பினார். இருவரும் சேர்ந்து இரண்டு பலகைகளை வீணாக்கினார்கள். மூன்றாவது பலகை திறந்து பாடியது. யார் சொன்னது சரி என்பதில் மட்டும் முடிவு வரவில்லை. அதை முடிவு செய்வதற்காகவே இன்னொரு கிட்டார் செய்வது என்று தீர்மானித்தார்கள்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் பேச்சு. சாப்பிடும்போது பேச்சு. கை கழுவும்போதும் பேச்சு. "மாமா, அந்தக் குறுக்குச் சட்டம்..." என்று ஒருவர் தொடங்கினால், "மாப்பிள்ளை, அங்கதான் நீங்க தப்புப் பண்றீங்க," என்று மற்றவர் முடிப்பார். மரியாதைகூடத் திரும்பி வந்துவிட்டது. கூடத்து மூலையில் இருந்த பெட்டி எப்போது மறுபடி பரணுக்குப் போனது என்பதை இருவருமே கவனிக்கவில்லை.

ஒரு மாதம் முடிந்த அன்று அவள் தனியாகத்தான் டாக்டரிடம் போனாள். குரல் நன்றாக ஆகிவிட்டது, பேசலாம் என்றார் அவர். வீட்டுக்கு வந்து செய்தியைச் சொல்ல வாயைத் திறந்தாள். மாமனாரும் மருமகனும் மூன்றரை மில்லியா, மூன்றேகாலா என்பதில் இருந்தார்கள். ஒருவர் மூச்சு வாங்கும் இடத்தில் மற்றவர் தொடங்கினார். நுழைய இடமில்லை. அவள் இரவுச் சாப்பாட்டை எடுத்து வைத்தாள். பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்தாள். அப்பா பேசிக் களைத்துத் தன் அறைக்குப் படுக்கப் போனபின், கணவனுக்குப் பக்கத்தில் வந்து சோபாவில் உட்கார்ந்தாள்.

"கால் வலிக்குதுங்க," என்றாள்.

அந்தக் குரலைக் கேட்டதும் பாயிண்டு துள்ளி எழுந்தார்.

"மாமாவுக்கா? தைலம் எங்க இருக்கு?"

"எனக்கு."

அவர் தைலத்தைத் தேடப்போன கையோடு அப்படியே நின்றார்.

"எப்பலேர்ந்து?"

அவள் கால்களை மேலே மடக்கி வைத்துக்கொண்டு, கொஞ்சம் யோசித்தாள்.

"ரொம்ப வருஷமா," என்றாள். "உங்ககிட்ட சொல்றதுக்குத்தான் நேரமே கிடைக்கல."